கிளினிக்ல வாயால சொல்றதா, கொப்பியில எழுதிட்டு போறதா?

ஆட்டிசம் இருக்கிற புள்ளைக்கு ரிஸ்பெரிடோன்ங்கிற மருந்த தொடங்கினா (அமெரிக்காவுல 2006ல 5-16 வயசுக்கு அனுமதிச்சது எரிச்சல், மூர்க்கத்துக்கு தான், ஆட்டிசத்தயே மாத்துறதுக்கு இல்ல) அது வேல செய்யுதான்னு டொக்டருக்கு எப்படி தெரியும்?

வாயால சொல்றது லேசு. ஆனா காலைல கொழுந்து மலைக்கு போய் அந்திக்கு லயத்துக்கு வர்ற அம்மா பகல்ல நடந்தத பாக்கவே இல்ல, பாட்டி சொன்னத தான் சொல்வாங்க, அதுலயும் நேத்து பெரிய சண்டைன்னா மாசம் முழுக்க மோசம்னு தான் வாய்ல வரும்.

நடத்தை பகுப்பாய்வாளர் (புள்ள ஏன் அப்படி நடந்துக்குதுன்னு கவனிச்சு ஆராயுற ஆள்) காட்டித்தர்ற மாதிரி எழுதுறதுன்னா மருந்துக்கு முன்னாடியே தொடங்கணும், இல்லாட்டி எதோட ஒப்பிடுறது? "கோவம்"னு எழுதுனா பிரயோசனமில்ல, "தலைய சுவத்துல அடிச்சான்", எத்தன தரம், அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, பொறகு என்ன கெடச்சுது. விஷயமே இங்க தான். பாடம் எழுத சொன்னா மட்டும் அடிக்கிறான், பென்சில வாங்கிட்டா நிப்பாட்டுறான்னா, டோஸ கூட்றதுக்கு முன்னாடி பாடம் குடுக்கிற விதத்த மாத்தி பாக்கலாம்னு டொக்டர்கிட்ட பேச ஒரு ஆதாரம் இருக்கு. ரெண்டையும் ஒரே நேரம் மாத்தினா எது உதவுச்சுன்னு யாருக்கும் வெளங்காது. பசி, நிறை, தூக்கமும் எழுதணும், இந்த மருந்துல நிறை கூடுறது சாதாரணம், பகல் முழுக்க தூங்கி விழுறவன் அடிக்கலன்னா அத நான் முன்னேற்றம்னு சொல்ல மாட்டேன்.

தோட்டப் பக்கம் அப்படி ஒரு பகுப்பாய்வாளர் கெடைக்கிறது கஷ்டம் தான். பாட்டி கலண்டர்ல எத்தன தரம்னு வெறும் கோடு போட்டா கூட, என் வோட்டு எழுதிட்டு போறதுக்கு தான், ஆனா அத பாத்துட்டு மருந்த நீங்களே நிப்பாட்டிராதீங்க, டோஸ் டொக்டர் கையில.