வீல் பேரிங்: டேப்பரா, பிரஸ் போடும் பேரிங்கா, ஹப் யூனிட்டா?

சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் வீல் பேரிங் போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னவுடன் பலரும் கேட்பது அதன் விலையைத்தான். அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: அந்தச் சக்கரத்தில் இருப்பது எந்த வகைப் பேரிங், அதைக் கழற்றி மாட்ட இந்தப் பட்டறையில் வசதி இருக்கிறதா? நம் சாலைகளில் ஓடும் கார்களில் மூன்று வகை அமைப்புகள் புழக்கத்தில் உள்ளன. ஒரே காரில் முன்சக்கரத்துக்கு ஒரு வகையும் பின்சக்கரத்துக்கு இன்னொரு வகையும் இருப்பது சாதாரணம். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கிய நல்ல நிறுவனத்துப் பேரிங் சில மாதங்களிலேயே மீண்டும் கத்தத் தொடங்கினால், பெரும்பாலும் காரணம் அதைப் பொருத்திய முறையில்தான் இருக்கும். ஆகவே இந்த மூன்றையும் ஒப்பிடும்போது, வாங்கும் விலையோடு பொருத்தும் வேலையில் பிழை நேர வாய்ப்பு எவ்வளவு என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

மூன்றில் மூத்தது டேப்பர் ரோலர் பேரிங். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டிகள் செய்துவந்த ஹென்றி டிம்கென் 1898இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். எஃகுக் குண்டுக்குப் பதிலாக ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்த உருளைகள் இதில் உள்ளன. வண்டியின் எடை மேலிருந்து அழுத்துவதையும், திருப்பத்தில் சக்கரம் பக்கவாட்டில் தள்ளப்படுவதையும் ஒரே பேரிங் தாங்கிக்கொள்ளும். குண்டு தன் பாதையை ஒரு புள்ளி அளவிலேயே தொடுகிறது. உருளையோ நீளவாக்கில் ஒரு கோடாகத் தொடுகிறது. அதனால் சுமை பரவி இறங்குகிறது. டாடா சுமோ போன்ற சேஸி வண்டிகளிலும் சரக்கு வாகனங்களிலும் இது நிலைத்து நின்றதற்குக் காரணம் இதுவே.

இதைப் பழுது பார்ப்பதும் எளிது. பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. பழைய கப்பை, அதாவது வெளிவளையத்தை, பித்தளைக் கம்பி வைத்துத் தட்டி எடுக்கலாம். கப், உருளைகளோடு வரும் உள்வளையமான கோன் இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. சிறிய வண்டிகளுக்கு ஒரு ஜோடி சில நூறு ரூபாய்க்குள் கிடைத்துவிடும். ஆனால் இந்த வகை இறுக்கத்தைப் பொறுத்து வாழ்கிறது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, உருளைகள் சரியாக அமர்ந்தபின் தளர்த்தி, மறுபடி விரலால் இறுகும் அளவுக்குக் கொண்டுவந்து, நட்டு நகராதபடி பூட்டும் ஆணியைப் (பின்) போட வேண்டும். பொதுவாக அனுமதிக்கப்படும் ஆட்டம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. கூடுதலாக இறுக்கினால் கிரீஸ் சூடேறி உருகி வழியும். தளர்வாக விட்டால் சக்கரம் ஆடி கிரீஸைக் காக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலைத் தின்றுவிடும். வேலை முடிந்ததும் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஹப்பின், அதாவது சக்கரம் மாட்டப்படும் மையப் பாகத்தின், நடுப்பகுதியைத் தொட்டுப் பார்க்கும் பழைய மெக்கானிக்குகளின் வழக்கம் மிகச் சரியானது. பிரேக்கை அதிகம் பயன்படுத்தாத நிலையிலும் கை வைக்க முடியாதபடி சுட்டால் நட்டு இறுகியிருக்கிறது என்று பொருள். வாகனக் கையேடு சொல்லும் இடைவெளியில் கழற்றிக் கழுவிப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டிய கடமையும் இதற்கு உண்டு. உரிமையாளர்கள் அதை மறந்துவிடுவதால்தான் இந்த வகை வீணாகக் கெட்ட பெயர் வாங்குகிறது.

இரண்டாவது வகையான பிரஸ் போடும் பேரிங்தான் நம்மூர் சிறிய, நடுத்தரக் கார்களின் முன்சக்கரங்களில் பரவலாக இருப்பது. செலவுக் கணக்கில் மக்கள் அதிகம் ஏமாறுவதும் இதில்தான். இரண்டு வரிசைக் குண்டுகள், ஒரே வெளிவளையம், இரண்டு துண்டான உள்வளையம், இருபுறமும் சீல், உள்ளே ஆயுளுக்கும் போதுமான கிரீஸ் எனத் தொழிற்சாலையிலேயே மூடி அனுப்பப்படும் பேரிங் இது. கிரீஸ் அடைக்கும் வேலை கிடையாது, ஆட்டம் சரிசெய்யும் வேலையும் கிடையாது. சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் நக்கிள் என்ற பாகத்தின் துளைக்குள் வெளிவளையம் மிக இறுக்கமாக அமர்கிறது. உள்வளையத்துக்குள் ஹப் அதேபோல் இறுக்கமாக நுழைகிறது. இரண்டையும் பல டன் விசையுள்ள ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

அந்த ஒரு வேலையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பேரிங்கை நக்கிளுக்குள் அழுத்தும்போது விசை முழுவதும் வெளிவளையத்தின் விளிம்பில் மட்டுமே விழ வேண்டும். அடுத்து ஹப்பை அழுத்தும்போது, கீழிருந்து உள்வளையத்துக்குத் தாங்கல் கொடுத்திருக்க வேண்டும். அந்தத் தாங்கல் இல்லாமல் நக்கிளை மட்டும் மேசையில் அமர்த்தி ஹப்பை இறக்கினால், அத்தனை விசையும் உள்வளையத்திலிருந்து குண்டுகள் வழியாக வெளிவளையத்துக்குப் பாய்கிறது. பளபளப்பான பாதையில் குண்டு இருந்த இடமெல்லாம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சிறு குழிகள் விழுகின்றன. வெளியே எடுத்துவரும்போது பேரிங் வழுக்கிக்கொண்டுதான் சுற்றும், காரும் முதலில் அமைதியாகத்தான் ஓடும். பிறகு குழிகளின் விளிம்பிலிருந்து உலோகம் செதில் செதிலாகப் பெயரத் தொடங்கும்போது ஓசை திரும்பி வருகிறது. பிரஸ் இல்லாத இடத்தில் சம்மட்டியால் அடித்து ஏற்றினால் இதே சேதம் இன்னும் மோசமாக நேரும். அப்போது பழி பேரிங் கம்பெனியின் மேல் விழுகிறது.

பழையதைக் கழற்றும்போதும் ஒரு கண்ணி இருக்கிறது. ஹப்பைப் பிடுங்கும்போது உள்வளையத்தின் வெளிப்பாதி ஹப்போடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுவது வழக்கம். அதை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரால் எடுக்க வேண்டும். அல்லது கிரைண்டரால் ஓரளவு கீறி உளியால் பிளக்க வேண்டும். கீறல் ஹப்பின் தண்டில் பட்டுவிட்டால் அந்த ஹப்பும் கெட்டது. நெடுநாள் கத்தவிட்டு ஓட்டிய வண்டிகளில் வெளிவளையமே நக்கிளுக்குள் சுழன்று துளையைத் தேய்த்திருக்கும். அந்தத் துளையின் சுவரில் பன்ச் உளியால் குத்தி இறுக்கி ஒப்பேற்றும் வழக்கத்தை யாரும் ஏற்கக் கூடாது. அங்கே நக்கிளையும் மாற்றுவதுதான் நேர்மையான பழுதுபார்ப்பு.

மூன்றாவது, ஹப் யூனிட். இதில் பேரிங்கும் ஹப்பும் ஒரே பொருள். வெளிவளையத்தில் நக்கிளோடு இணைக்கும் விளிம்பும், உள்வளையத்தில் சக்கரம் மாட்டும் விளிம்பும் சேர்ந்தே உருவாக்கப்பட்டிருக்கும். உள் இறுக்கம், கிரீஸ், சீல் எல்லாம் தொழிற்சாலையில் முடிவாகிவிடுகின்றன. பட்டறையில் நடப்பது போல்ட்டுகளைக் கழற்றி மாட்டுவது மட்டுமே. முன்சக்கர இழுவையுள்ள பல கார்களின் பின்சக்கரங்களில் இந்த அமைப்பு உள்ளது. விலை உயர்ந்த கார்களில் நான்கு சக்கரங்களிலும் இருக்கும். துருப்பிடித்து நக்கிளோடு ஒட்டிப்போயிருந்தால் கழற்றுவது சிரமம்தான். மற்றபடி ஒரு மணி நேர வேலை.

தமிழகத்தின் இன்றைய நிலவரத்தில், மாடலையும் ஊரையும் பொறுத்து மாறும் என்ற எச்சரிக்கையோடு, செலவைத் தோராயமாக இப்படிச் சொல்லலாம். சிறிய காரின் பிரஸ் போடும் பேரிங் ஏறக்குறைய 800 முதல் 2,000 ரூபாய் வரை. கழற்றி மாட்டும் கூலியும் பிரஸ் கூலியும் சேர்ந்து இன்னொரு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ஆகும். ஹப் யூனிட் 2,500 முதல் 6,000 ரூபாய் வரை. கூலி, பிரஸ் வகைக்கு ஆகும் கூலியில் பாதிகூட இராது. ஐரோப்பியச் சொகுசுக் கார்களில் ஒரு சக்கரத்துக்கே பதினைந்தாயிரத்தைத் தாண்டுவது புதுமையல்ல. ஆக, பேரிங்கின் விலையில் மூன்று மடங்கு வித்தியாசம் தெரிந்தாலும் மொத்தப் பில்லில் அது வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. பிரஸ் வேலையில் ஒரு முறை பிழை நேர்ந்து மறுபடி செய்ய நேர்ந்தால், மலிவான வழியே விலை கூடிய வழியாகிறது.

காரைத் தயாரித்தவர் முடிவு செய்த வகையை நாம் மாற்ற முடியாது என்பது உண்மை. ஆயினும் பிரஸ் வகை முன்சக்கரங்களில் ஒரு தேர்வு நம் கையில் இருக்கிறது: பேரிங்கை மட்டும் மாற்றலாம், ஹப்பையும் சேர்த்துப் புதிதாக வாங்கலாம், சில மாடல்களுக்கு நக்கிள், ஹப், பேரிங் மூன்றும் சேர்ந்த முழுத் தொகுப்பாகவும் வாங்கலாம். ஹப்பின் தண்டு வழவழப்பாக, கீறலோ நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்போ இல்லாமல் இருந்தால் பேரிங் மட்டும் போதும். தழும்பு இருந்தால் ஹப்பையும் மாற்றச் சொல்லித் தயங்காமல் கேட்க வேண்டும். பக்கத்தில் நல்ல பிரஸ் வசதி இல்லாத ஊர்க்காரர், கிடைக்குமானால் முழுத் தொகுப்பை வாங்குவதே நல்லது என்பேன்.

பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள கார்களில் கூடுதல் கவனம் தேவை. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் தயாரான கார்களில் இது கட்டாயமானதால், இப்போது பழுதுக்கு வரும் வண்டிகளில் பல இந்தக் கணக்கில் சேரும். பல பேரிங்குகளின் ஒரு பக்கச் சீலில் காந்தப் பட்டை பதிக்கப்பட்டிருக்கும். அந்தப் பக்கம், சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரைப் பார்த்து அமர வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டால் டாஷ்போர்டில் விளக்கு எரியும். சரிசெய்ய மறுபடி எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும், பிடுங்கிய பேரிங்கை மீண்டும் பயன்படுத்தவும் முடியாது. கிரைண்டர் ஓடும் மேசையில் பேரிங்கைத் திறந்து வைத்தால் இரும்புத் துகள் அந்தப் பட்டையில் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பேரிங் போனதா, டயர் கத்துகிறதா என்பதில்தான் வீண்செலவு அதிகம் நடக்கிறது. பேரிங் ஓசை வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்கும். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாலும் மாறாது. காலியான நல்ல சாலையில் மெதுவாக இடப்பக்கம் திருப்பினால் எடை வலப்பக்கச் சக்கரங்களின் மேல் சாயும்; அப்போது ஓசை கூடினால் வலப்பக்கத்தைச் சந்தேகிக்கலாம். சீராகத் தேயாத டயரும் இதேபோல் ஊளையிடும், ஆனால் டயர்களை முன்னும் பின்னும் இடம் மாற்றினால் ஓசையும் இடம் மாறும். ஜாக்கி ஏற்றிச் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பது பழைய சோதனை. அப்போது ஆட்டம் தெரிந்தால் பேரிங் அல்லது நக்கிளைத் தாங்கும் பால் ஜாயின்ட், இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் ஸ்டீயரிங்கோடு இணைக்கும் டை ராடு. ஆட்டமே இல்லாமலும் பேரிங் போயிருக்கும். அதனால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் விரல்களை வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பது இன்னும் நம்பகமானது. கெட்ட பேரிங்கின் கரகரப்பு விரல்களுக்குத் தெளிவாக வந்து சேரும்.

தேய்மானத்துக்கு நம் ஊரில் முதல் எதிரி தண்ணீர். ஓடிச் சூடான ஹப் திடீரென்று வெள்ளத்தில் இறங்கும்போது, உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கிச் சீலின் உதடு வழியாக நீரை இழுத்துக்கொள்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் முழங்கால் நீரில் நின்ற கார்களைப் போன்றவற்றில் எஞ்சினையும் மின்சாரத்தையும் பார்ப்பவர்கள் பேரிங்கை மறந்துவிடுகிறார்கள். துரு தன் வேலையை முடித்து ஓசை எழுப்ப மாதங்கள் ஆகலாம். அடுத்த எதிரி அலங்காரம். வெளியே துருத்தி நிற்கும் அகல அலாய் வீல்களும் ஸ்பேசர்களும் பேரிங்கின் மேல் நெம்பு விசையைக் கூட்டுகின்றன. குண்டு பேரிங்கின் கணக்கிடப்பட்ட ஆயுள், சுமையின் மூன்றாம் அடுக்குக்கு நேர்மாறாகக் குறைகிறது. அதாவது பேரிங்கின் மேல் விழும் சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

எந்த நிறுவனத்துப் பேரிங் வாங்குவது? கார் நிறுவனத்தின் பெயரில் வரும் பெட்டிக்குள் இருப்பதும் பல நேரங்களில் எஸ்.கே.எஃப்., என்.எஸ்.கே., என்.டி.என்., கோயோ போன்ற பேரிங் நிறுவனங்களின் தயாரிப்பே. ஜெய்ப்பூரில் 1946இல் தொடங்கிய நேஷனல் என்ஜினியரிங் இண்டஸ்ட்ரீஸின் என்.பி.சி. பேரிங்குகளையும் தயங்காமல் பயன்படுத்தலாம். பயப்பட வேண்டியது போலிகளுக்கு. பெட்டி அச்சு அசலாக இருக்கும். எஃகும் கிரீஸும் வேறாக இருக்கும். சில நிறுவனங்கள் பெட்டியிலுள்ள குறியீட்டைக் கைப்பேசிச் செயலியில் சரிபார்க்க வழி செய்திருக்கின்றன. அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குவது அதைவிட உறுதி.

ஒரு பக்கம் போனால் மறுபக்கத்தையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டால், டிஸ்க் பேடுகளைப் போல ஜோடியாக மாற்றியே ஆக வேண்டிய பொருள் இதுவல்ல. மறுபக்கம் அமைதியாக இருந்தால் விட்டுவிடலாம்; வெள்ளத்தில் நின்ற வண்டியானால் மட்டும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. ஆனால் ஆக்சில் நட்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். விளிம்பை மடக்கிப் பூட்டும் பழைய நட்டு இரண்டாம் முறை அதே பிடியைத் தராது. வண்டியின் எடை தரையில் இறங்கும் முன்பே அந்த நட்டு பேரிங்கை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு துண்டான உள்வளையம் விலகிப் புதுப் பேரிங்கே பட்டறை வாசலில் கெட்டுவிடும். கடைசி இறுக்கத்தைக் காற்றழுத்தத்தால் நட்டு முடுக்கும் துப்பாக்கியால் முடிக்காமல், அந்த மாடலுக்குரிய அளவில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முடித்தார்களா என்பதை நின்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.