புதுச்சேரி சண்டே மார்க்கெட்: குவில்ட் துணிக்கு எவ்வளவு தேறும்?

குவில்ட் என்பது துணிச் சதுரங்களை இணைத்த மேல்துணி, நடுவே பஞ்சு, கீழே அடித்துணி என்று மூன்றையும் சேர்த்துத் தைக்கிற போர்வை. அதைத் தைக்கிறவர்களுக்குப் புதுச்சேரியில் வாராவாரம் ஒரு கண்காட்சி உண்டு: ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி. அளவாக வெட்டி ரிப்பன் கட்டிய துணிக்கட்டெல்லாம் இங்கே கிடையாது. பூட்டிய கடைகளின் வாசலில் பிட்டுத் துணி குவிந்து கிடக்கும். குனிந்து கிளற வேண்டியதுதான். வண்ணத்துக்கு இந்தச் சந்தை அருமை. வெள்ளைக்கும் பஞ்சுக்கும் சுமார்தான்.

‘பியூர் காட்டன்’ என்று சொல்லாத விற்பனையாளர் இல்லை. துணியைப் பத்து விநாடி கைக்குள் கசக்கிப் பிடித்து விடுங்கள். சுருக்கம் அப்படியே நின்றால் பருத்திக்கு வாய்ப்பு அதிகம்; உடனே விரிந்துகொண்டால் பாலியஸ்டர் கலந்திருக்கும். உறுதிக்கு, வீட்டில் ஓர நூல் இரண்டை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து பொடிச் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி முனையில் கெட்டியாக உருண்டு நிற்கும். இரண்டையும் ஒரே குவில்ட்டில் கலந்தால், முதல் துவைப்பில் பருத்தி சுருங்கும், மற்றது சுருங்காது. தையல் முழுக்க முடிச்சு முடிச்சாக இழுத்துக்கொள்ளும். சிவப்பு, கருநீலத்தை ஈரக் கைக்குட்டையில் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

அடுத்தது அளவு. ஒற்றைக் கட்டிலுக்கு 60×90 அங்குலம், 6 அங்குலச் சதுரங்கள் என்றால் மொத்தம் 150. பாதி வண்ணம், பாதி வெள்ளை. கால் அங்குலத் தையல் இரு பக்கமும் போக, வெட்டும் அளவு 6½. 44 அங்குல அகலத் துணியில் ஒரு பட்டைக்கு 6 சதுரம் வரும். அரை மீட்டர் என்பது 19.7 அங்குலம், கணக்குக்கு மூன்று பட்டை சரியாக வருவது போலத் தெரியும். ஆனால் துவைத்தால் 3 சதவீதம் சுருங்கினாலே 19 தான் மிஞ்சும், இரண்டு பட்டைதான் தேறும். அதனால் 60 செ.மீ. பிட்டாகத் தேடுங்கள்: 18 சதுரம் கிடைக்கும். நாலு பிட்டு எடுத்தால் 72, மூன்று குறையும். ஐந்தாவதை அப்போதே எடுத்துவிடுங்கள். அடுத்த ஞாயிறு அதே டிசைன் இருக்காது. கோணலாக வெட்டிய பிட்டாக இருந்தால், இழை நேராக்குவதிலேயே இரண்டு அங்குலம் போய்விடும். கரை உள்ள பிட்டாகப் பார்ப்பது நல்லது, நேர் இழை எது என்று தடுமாற வேண்டாம்.

வெள்ளையை இங்கே வாங்காததற்குக் காரணம் தார்ப்பாய். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே பழுப்பும் பளிச்சென்றுதான் தெரியும். தரைக்கடையில் ஒரே துண்டாக 2½ மீட்டர் கிடைப்பதும் அபூர்வம். சனிக்கிழமையே நேரு வீதியில் கேம்ப்ரிக் (நெருக்கமாக நெய்த பருத்தித் துணி) என்று கேட்டு வாங்கிவிடுங்கள். ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி என்று மூன்று மில் ஓடிய ஊரில் வெள்ளைத் துணிக்கு இவ்வளவு யோசனை!

அடித்துணிக்குக் கைலியை மிஞ்ச ஒன்றுமில்லை. குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கட்டம் போட்ட கைலி நூலிலேயே சாயம் ஏறியது. இரு பக்கமும் ஒரே நிறம். மூட்டாததாகக் கேளுங்கள். சுமார் 2 மீட்டருக்கு 1.2 மீட்டர் இருக்கும். இரண்டை அகலவாக்கில் இணைத்தால் 94 அங்குலம், கஞ்சி போகத் துவைத்தபின் இன்னும் குறையும். அடித்துணி நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக, அதாவது 68×98 வேண்டும். நடுவே 10 அங்குலப் பட்டை ஒன்று சேர்த்துவிட்டால் தீர்ந்தது, பார்க்கவும் அழகுதான்.

மெத்தை, குஷனுக்கு விற்கிற பாலியஸ்டர் பஞ்சு ஷீட்டைத் தவிர்க்கவும். இஸ்திரிச் சூட்டில் படிந்துபோகும், கறுப்புத் துணி வழியே வெள்ளை இழை வெளியே நீட்டும், நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் போர்த்தவும் முடியாது. பஞ்சுக்குப் பதிலாக நடுவே வைக்க, துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி வேட்டி இரண்டு மடிப்பு போதும். தையல் நூலை ஒரு சாண் இழுத்து வெடுக்கென்று சொடுக்கிப் பாருங்கள். சட்டென்று அறுந்தால் பழைய சரக்கு. ஊசி மட்டும் தரைக்கடையில் வேண்டாம், மெஷின் கடையில் 14 நம்பர் வாங்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குவியலின் அடிப்பகுதி ஈரம் கோத்திருக்கும். முகர்ந்து பார்த்து எடுங்கள். பூஞ்சைப் புள்ளி துவைத்தாலும் போகாது. காலையிலேயே போய்விடுங்கள். விளக்கு போட்டபின் பச்சையும் நீலமும் கண்ணை ஏமாற்றும்.