கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று: மீன்தொட்டியில் மழைநீர் பாவித்த அனுபவம்

யாழ்ப்பாணத்தில் மீன்தொட்டியில் நைத்திரேற்று (கழிவிலிருந்தும் உரத்திலிருந்தும் தண்ணீரில் சேரும் நைதரசன் சேர்வை) ஏறினால், முதலில் சோதிக்க வேண்டியது கிணற்றுத் தண்ணீரை. தொட்டியை அப்புறம் பார்க்கலாம். கோண்டாவில் பக்கம் எங்கள் வீடு, சுற்றிவர வெங்காயமும் புகையிலையும் போடும் தோட்டக்காணிகள். மூன்றடித் தொட்டி ஒன்றில், ஏறக்குறைய 150 லீற்றர் தண்ணீரில், சில வருடங்களாகக் கப்பியும் மொலியும் வளர்க்கிறேன். இவ்வளவு காலமும் பாவித்துப் பார்த்ததில் எது நின்றுபிடித்தது என்று எழுதுகிறேன்.

மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அமோனியாவாகின்றன. பில்டரில் குடியிருக்கும் பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும் (nitrite) பிறகு நைத்திரேற்றாகவும் (nitrate) மாற்றுகின்றன. அதோடு சாதாரண பில்டரின் வேலை முடிந்துவிடும், நைத்திரேற்று தண்ணீரிலேயே சேர்ந்துகொண்டு போகும். "கிழமைக்கு ஒருக்கா கால்வாசித் தண்ணியை மாத்துங்கோ, சரிவரும்" என்று மீன் விற்பவர்கள் சொல்வது இதற்காகத்தான். ஊற்றும் தண்ணீரில் நைத்திரேற்று இல்லையென்றால் நல்ல ஆலோசனை. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தொட்டியில் கிழமைக்கு லீற்றருக்கு 10 மில்லிகிராம் கூடுகிறது, கிழமைக்குக் கால்வாசி மாற்றுகிறோம் என்று வைப்போம். நாளடைவில் தொட்டியின் அளவு, மாற்றுவதற்கு முன், ஊற்றும் தண்ணீரைவிட 40 மில்லிகிராம் கூடுதலாக வந்து நிற்கும். ஊற்றுவதே 40 என்றால் தொட்டி 80. அரைவாசி மாற்றினாலும் 60. கிணற்றின் அளவுக்குக் கீழே தண்ணீர் மாற்றி இறக்கவே முடியாது.

எங்கள் பகுதியான வலிகாமத்தில் செம்மண் ஆழமில்லை. அதன் கீழே வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். தோட்டத்துக்குப் போடும் யூரியாவில் பயிர் எடுக்காத பங்கும், மலக்குழிகளிலிருந்து கசிவதும் அந்த வெடிப்புகள் வழியாக நிலத்தடி நீரில் சேர்கின்றன. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டப் பகுதிகளில் அதைத் தாண்டிய கிணறுகள் உண்டு. உங்கள் கிணறு அப்படிக் காட்டினால் மீன் ஒருபுறம் இருக்கட்டும், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்தத் தண்ணீரில் பால்மா கரைக்காதீர்கள். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். ஆய்வுகூடத்தில் கொடுத்துச் சரியான அளவை எடுங்கள்.

வீட்டில் நான் நைத்திரேற்றை அளக்கப் பாவிப்பது ஏபிஐ (API) என்ற பிராண்டின் சொட்டு மருந்துக் கிட். அதன் இரண்டாம் போத்தலில் மருந்து அடியில் படிந்துவிடும். அரை நிமிடம் ஓங்கிக் குலுக்கி, சொட்டு விட்ட பின் சோதனைக்குழாயையும் ஒரு நிமிடம் குலுக்கி, ஐந்து நிமிடம் வைத்துத்தான் நிறம் பார்க்க வேண்டும். சோம்பினால், நைத்திரேற்று கூடியிருந்து சிவக்க வேண்டியது செம்மஞ்சளிலேயே நிற்கும். 40க்கும் 80க்கும் நிற வித்தியாசம் மிகக் குறைவு, ஆகவே கூடிய அளவென்று பட்டால் மழைநீரில் சரிபாதி கலந்து மறுபடி சோதித்து, வந்ததை இரண்டால் பெருக்குகிறேன்.

கரிப் பில்டர் நைத்திரேற்றைத் தொடாது. நைத்திரேற்றைப் பிடித்து வைக்கும் ரெசின் மணிகள் உள்ள பை வேலை செய்யும், உப்புக் கரைசலில் ஊறவைத்துத் திரும்பவும் பாவிக்கலாம். ஆனால் எங்கள் தண்ணீரில் சீக்கிரமே களைத்துவிடுகிறது, அந்தச் செலவுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

நிலைமையை மாற்றியது மாரிமழைதான். ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டுக்கூரையின் பீலியிலிருந்து நீலப் பிளாஸ்ரிக் பீப்பாய்களில் பிடிக்கிறேன். முதல் மழைகளைப் பிடிப்பதில்லை, காக்கை எச்சமும் தூசும் சருகும் கழுவுப்பட்டுப் போகட்டும். பீப்பாயின் வாயை நுளம்பு வலையால் இறுக்கிக் கட்டி, மேலே மூடியும் போட வேண்டும், டெங்குக் காலத்தில் இதில் கொஞ்சமும் அசட்டை கூடாது. மழைநீரை மட்டும் ஊற்றக்கூடாது. அதில் காபனேற்று இல்லாததால் பிஎச் (அமில, கார அளவு) திடீரென விழும். எங்கள் கிணற்றுத் தண்ணீரோ கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் கடினநீர். இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தால் நைத்திரேற்றும் கடினத்தன்மையும் பாதியாகும், கப்பிக்கும் மொலிக்கும் தேவையான சுண்ணாம்பு மிஞ்சியும் இருக்கும். இந்தக் கலவைக்காகவே நம் ஊர்க் கிணற்றை நான் குறைசொல்ல மாட்டேன்.

அதற்குத் துணை மணிபிளான்ட். மேல் பில்டருக்குள் தண்டுகளைச் செருகி, வேர் தண்ணீரிலும் இலை வெளியிலும் இருக்க விட்டேன். முதலில் ஒன்றும் நடக்காது. பழைய வேர் அழுகி, வெள்ளையான புது வேர் கிளம்பி, புது இலை விரியத் தொடங்கிய பிறகுதான் கிட்டில் வித்தியாசம் தெரிந்தது. வளராத செடி நைத்திரேற்று எடுக்காது, ஆகவே ஜன்னல் வெளிச்சம் முக்கியம். பழுத்த இலையை உடனே கிள்ளிவிட வேண்டும், தண்ணீரில் விழுந்து அழுகினால் எடுத்ததெல்லாம் திரும்ப வந்துவிடும். முற்றத்துச் சீமெந்துத் தொட்டியில் கங்குன் கீரைத் தண்டுகளை மிதக்கவிட்டேன். வெயிலில் அது மணிபிளான்டைவிட வேகம்.

தீனியைக் குறைத்ததும் உதவியது, இரண்டு நிமிடத்தில் தின்று முடிப்பதை மட்டும் போடுகிறேன். இப்போது தொட்டி 20க்கும் 40க்கும் இடையில் நிற்கிறது, கண்ணாடியில் பாசி குறைந்திருக்கிறது, கப்பிக் குஞ்சுகள் முன்பைவிடக் கூடுதலாகத் தப்புகின்றன. ஒன்றைக் கவனியுங்கள்: அதிக நைத்திரேற்றில் பழகிய மீனுக்கு ஒரேயடியாகத் தண்ணீரை மாற்றினால் தாங்காது. சிறிது சிறிதாகப் பல கிழமைகளில் இறக்குங்கள்.

ஆடி, ஆவணியில் பீப்பாய் காலியாகும். அந்த மாதங்களில் குடிக்க வாங்கும் ஆர்ஓ (சவ்வு வழியாக வடித்த) தண்ணீரைக் கிணற்று நீரோடு கலக்கிறேன். அது செலவுதான், ஆகவே மாற்றும் அளவைக் குறைத்து, செடியையும் குறைந்த தீனியையும் நம்புகிறேன். 2024இல் தாளையடி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் திறந்த பின் குழாய்த் தண்ணீர் கிடைக்கும் வீடுகள் அதையும் கிட்டில் சோதித்துப் பார்க்கலாம். குளோரினை நீக்கும் மருந்து போட்ட பிறகே தொட்டிக்குள் விட வேண்டும்.