‘பல்’ என்று ஒன்பது முறை எழுதினேன்

மேசை இழுப்பறையில் நான்கு நோட்டுகள் கிடக்கின்றன. அன்றாட வேலைகளும் பழக்கங்களுமாக, மூன்று ஆண்டுகளுக்கும் சற்று மேலான என் நாட்கள் அவற்றில் இருக்கின்றன. முதல் நோட்டு பார்க்க அழகாக இருக்கும்: மூன்று நிற மை, ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள், மாத முகப்பில் ஒரு சின்ன ஓவியம். நான்காவது நோட்டு அவசரத்தில் கிறுக்கிய துண்டுச்சீட்டுக் கட்டு மாதிரி இருக்கும். எது உதவியது என்று கேட்டால் நான்காவதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

நோட்டுக்கு முன்பு ஒரு செயலி இருந்தது. அதில் பதினான்கு பழக்கங்களை ஏற்றி வைத்திருந்தேன். ஐந்து மணிக்கு எழுவது, நடை, தியானம், இருபது பக்கம் வாசிப்பு என்று போகும்; தண்ணீர் குடிப்பதற்குக்கூட ஒரு டிக். 47 நாட்கள் விடாமல் ஓடியது. 48-ஆம் நாள் காய்ச்சல். விடாமல் செய்த நாட்களைக் காட்டும் எண் பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டது. காய்ச்சல் இரண்டு நாளில் விட்டது. அந்தச் செயலியை மறுபடி திறக்க ஆறு வாரம் ஆனது. அந்த 47 நாட்களும் யோக்கியமானவை என்று சொல்ல மாட்டேன். இரவு பதினொன்றரை மணிக்கு, எண் அறுந்துவிடக் கூடாதே என்று புத்தகத்தைப் புரட்டி, இருபது பக்கங்களைக் கண்ணால் தடவிவிட்டு டிக் போட்ட நாட்கள் உண்டு.

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று நம்பித்தான் தொடங்கினேன். அந்த எண்ணின் பூர்வீகம் பிறகுதான் தெரிந்தது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை நிபுணர், நோயாளிகளுக்கு மாறிய முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. பிற்காலத்தில் லண்டனில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை 84 நாட்கள் கவனித்தார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலையை எட்ட எடுக்கும் காலத்தின் இடைநிலை அளவு 66 நாட்கள் என்றும், ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 வரை போகும் என்றும் கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பு ஏதும் இல்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. ஒரு காய்ச்சலுக்காக என்னைப் பூஜ்யத்துக்குத் தள்ளிய செயலிக்கு இது தெரியவில்லை.

நோட்டுக்கு மாறியதற்குக் காரணம், ரைடர் கேரல் என்ற வடிவமைப்பாளர் 2013-இல் வெளியிட்ட புல்லட் ஜர்னல் முறை: வேலைகளைச் சின்னக் குறிகளோடு நோட்டில் கையால் எழுதிவைப்பது. வேலைக்கு ஒரு புள்ளி. முடிந்தால் அதன் மேல் பெருக்கல் குறி. முடியாமல் அடுத்த பக்கத்துக்குப் போனால் அம்புக்குறி. மற்ற அலங்காரமெல்லாம் பயனர்கள் ஏற்றிக்கொண்டது. நானும் ஏற்றினேன், ஓர் ஆண்டை அதில் தொலைத்தேன். கோடு போடுவதே வேலை செய்ததுபோல ஒரு நிறைவைக் கொடுத்துவிடுகிறது, அதுதான் சிக்கல்.

அந்த முறையில் எனக்கு உண்மையிலேயே பயன்பட்டது அம்புக்குறி ஒன்றுதான். முடியாத வேலையைக் கையால் மறுபடி எழுத வேண்டும். செயலியில் நேற்றைய பாக்கி தானாகவே இன்றைக்கு உருண்டு வந்து நிற்கும், நமக்கு உறைக்காது. கை எழுதினால் சலிக்கும்.

இரண்டாவது நோட்டில் மார்ச், ஏப்ரல் பக்கங்களில் ‘பல்’ என்ற ஒற்றைச் சொல் வாரந்தோறும் வருகிறது. ஐந்தாவது முறை கையெழுத்து சாய்ந்திருக்கிறது. ஏழாவது முறை ‘ப’ மட்டும் எழுதிவிட்டு மெய்யெழுத்தை விட்டிருக்கிறேன். ஒன்பதாவது முறை எழுதும்போது எரிச்சல் வந்தது. யோசித்துப் பார்த்தால் ‘பல்’ ஒரு வேலையே அல்ல. வேலை, பல் மருத்துவமனைக்கு போன் செய்து நேரம் கேட்பது. அதற்கு எண் வேண்டும். எண் பழைய ரசீதில். ரசீது எந்தக் கோப்பில் என்று தெரியாது. ‘திங்கள் காலை மேசையில் உட்கார்ந்ததும், கணினியைத் திறக்கும் முன், ரசீதைத் தேடு’ என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் ரசீதும் கிடைத்தது, போனும் செய்தாகிவிட்டது. ‘இது நடந்ததும் அதைச் செய்வேன்’ என்று நேரத்தையும் இடத்தையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைப்பதன் பலனை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார். அதைப் படித்திருந்தும் எனக்கு உறைக்க ஒரு பல் தேவைப்பட்டது. அடைத்தால் போதும் என்று இருந்த பல், அந்த இரண்டு மாதத்தில் வேர் சிகிச்சை வரை போயிருந்தது.

அதன் பிறகு ஒரு வேலை மூன்று முறை நகர்ந்தால் அதை அப்படியே எழுத எனக்கு நானே அனுமதி கொடுப்பதில்லை. சின்ன வேலைகளாக உடைக்க வேண்டும், அல்லது கோடு போட்டு அடித்துவிட வேண்டும்.

இன்னொரு மாற்றம், வேலைப் பட்டியல் எழுதுவதைக் காலையிலிருந்து இரவுக்கு நகர்த்தியது. 2018-இல் மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் செய்த தூக்க ஆய்வு ஒன்றில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். 57 பேர் மட்டுமே கலந்துகொண்ட சிறிய ஆய்வு. இருந்தாலும் என் விஷயத்தில் ஒத்துப்போகிறது. விளக்கை அணைத்த பிறகு ‘அந்த மின்னஞ்சல்!’ என்று எழுந்து உட்காருவது ஏறக்குறைய நின்றுவிட்டது.

நாட்குறிப்பு பற்றிச் சொல்ல அவ்வளவு பெருமையாக ஒன்றும் இல்லை. முதல் ஆண்டு தினமும் இரண்டு பக்கம் எழுதினேன். பின்னர் வாசித்தபோது, ஒரே ஆளைப் பற்றிய ஒரே புகார் பதினேழு இடங்களில், அதே உவமையோடு! இப்போது இரவில் இரண்டே வரி: நடந்தது ஒன்று, கவனித்தது ஒன்று. மனதை ஏதாவது நிஜமாகவே அரிக்கும்போது மட்டும் நீளமாக எழுதுகிறேன்.

குறைகள் இருக்கின்றன. நோட்டில் தேட முடியாது. பக்க எண் போட்டு முன்னால் பொருளடக்கம் வைத்தால் சமாளிக்கலாம் என்பார்கள். எனக்கு அந்தப் பொறுமை பிப்ரவரி வரைதான் தாங்கும். குறித்த நேரத்தில் கூப்பிட்டு நினைவூட்டாது என்பதால் சந்திப்புகளெல்லாம் கைப்பேசி நாட்காட்டியில்தான். ஒருமுறை நோட்டை ரயிலில் விட்டுவிட்டு நான்கு நாள் தவித்தேன், திரும்பக் கிடைத்தது.

பதினான்கு பழக்கங்களில் இன்றைக்கு மிஞ்சியவை நடை, வாசிப்பு, இரவுப் பட்டியல். வாசிப்பு பத்துப் பக்கமாகக் குறைந்திருக்கிறது, ஆனால் படிக்கிறேன். ஐந்து மணிக்கு எழுவது ஆறரையில் வந்து நின்றிருக்கிறது. தண்ணீர் தாகம் எடுத்தால் குடிக்கிறேன். தியானத்தை மூன்றாவது முறை அம்புக்குறி போட வேண்டி வந்தபோதே அடித்துவிட்டேன்.