சொப்பிங் பையிலிருந்து ஜிமெயிலுக்கு

முல்லைத்தீவு முள்ளியவளையில் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு சொப்பிங் பையோடுதான் வருவார்கள். பைக்குள் இன்னொரு பை, அதற்குள் ஒரு கோவை. கோவைக்குள் பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, காணி அனுமதிப்பத்திரம், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு, சிலரிடம் முகாமில் கொடுத்த துண்டு. 2009இல் போரில் வீடு வாசலை விட்டு ஓடியவர்கள் கூட இந்தப் பையை மட்டும் விடவில்லை. விட்டவர்கள் பிறகு ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கினார்கள். எங்கள் வீட்டுப் பை மாத்தளனில் தொலைந்தது. அப்பாவின் காணி உறுதியும் என் பிறப்புச் சான்றிதழும் அதற்குள்தான் இருந்தன. ஜிமெயிலைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பைதான்.

போட்டோக்கொப்பி, தட்டச்சு, ஒன்லைன் விண்ணப்பம், ரீலோட், இதுதான் என் தொழில். கடை தொடங்கியது 2013இல். அன்றிலிருந்து ஊரில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஜிமெயில் கணக்குத் திறந்து கொடுத்திருக்கிறேன். யாஹூ, ஹொட்மெயில் வைத்திருக்கிறவர்களும் வருவார்கள், அவையும் வேலைக்கு உதவும். ஆனால் அன்ட்ரொயிட் போன் வாங்கிய உடனேயே கூகுள் கணக்குக் கேட்கும் என்பதால் இங்கே இமெயில் என்றாலே ஜிமெயில்தான்.

இது வந்தது 2004 ஏப்ரல் 1ஆம் திகதி. ஹொட்மெயில் 2 எம்.பி. இடமும் யாஹூ 4 எம்.பி. இடமும் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் 1 ஜி.பி. தருகிறோம் என்றதும், திகதியைப் பார்த்துவிட்டு ஏப்ரல் பூல் பகிடி என்றே பலர் நினைத்தார்கள். அப்போது நான் ஓ.எல். படித்துக்கொண்டிருந்தேன். இப்போதைய போனில் எடுக்கும் ஒரு போட்டோவே அந்த 2 எம்.பி.க்குள் அடங்காது. இன்று இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி. ஒரு கடிதத்தோடு 25 எம்.பி. வரை இணைக்கலாம்.

இந்த எண்கள் எங்களுக்கு எதற்கு உதவுகின்றன என்று ஒருவருடைய கதையைச் சொன்னால் விளங்கும். தண்ணீரூற்றிலிருந்து ஒரு அம்மா காணி உறுதியைக் கொண்டுவந்தார். ஒன்பது பக்கம். நான்காக மடித்து மடித்து, மடிப்பு ஓடிய இடமெல்லாம் இற்றுப்போய், ஒரு பக்கத்தின் கீழ் மூலையில் தண்ணீர் பட்ட மஞ்சள் கறை. போட்டோக்கொப்பி போதும் என்றுதான் வந்தார். நான் ஸ்கான் செய்யலாம் என்றேன். ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணாடியில் வைத்து, கிழிந்த இடத்தை விரலால் நீவிச் சேர்த்து, முத்திரையின் சிவப்பும் நொத்தாரிசின் கையெழுத்தும் தெரிய நிறத்திலேயே எடுத்தேன். ஒன்பது பக்கமும் சேர்ந்து ஒரே பிடிஎப், ஆறு எம்.பி. கூட வரவில்லை. அதை அவருடைய ஜிமெயிலிலிருந்து அவருடைய ஜிமெயிலுக்கே அனுப்ப வைத்தேன். தலைப்பில் ‘உறுதி தண்ணீரூற்றுக் காணி’ என்று தமிழிலேயே அடித்தோம். பிறகு தேடும் பெட்டியில் ‘உறுதி’ என்று அவரையே அடிக்கச் சொன்னேன். வந்து நின்றது.

“உங்கட கொம்பியூட்டர் பழுதாப் போனால், பிள்ளை?”

“அப்பவும் இருக்கும் அம்மா. இது என்ர கொம்பியூட்டருக்குள்ள இல்லை.”

“என்ர போன் துலைஞ்சால்?”

“அப்பவும் இருக்கும்.”

“திரும்ப ஓட வேண்டி வந்தால்?”

அப்போதும் இருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்கான் பிரதி மூல உறுதி ஆகாது, அதையும் சொல்லித்தான் அனுப்பினேன். கந்தோரில் மூலத்தையோ அத்தாட்சிப்படுத்திய பிரதியையோதான் கேட்பார்கள். ஆனால் மூலம் தொலைந்தால் மறுபிரதிக்கு விண்ணப்பிக்க உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் தேவை. எங்கள் அப்பாவுக்கு அந்த மூன்றில் ஒன்றுகூட ஞாபகம் இருக்கவில்லை. மெயிலில் ஒரு படம் கிடந்திருந்தால் அவர் அலைந்த அலைச்சலில் பெரும்பகுதி குறைந்திருக்கும்.

தேடும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். தலைப்பில் எழுதிய சொல்லை அப்படியே முழுதாக அடிக்க வேண்டும். ‘உறுதியின் பிரதி’ என்று எழுதிவிட்டு ‘உறுதி’ என்று தேடினால் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. அதனால் நான் தலைப்பை எப்போதும் தனித்தனிச் சொல்லாக, வேற்றுமை உருபு ஒட்டாமல் எழுத வைக்கிறேன்.

தமிழ் பற்றி இன்னொன்று. எங்கள் பக்கத்தில் தட்டச்சுப் பழகியவர்கள் பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் பழகியவர்கள். பாமினியில் அடித்த கடிதத்தை அப்படியே மெயிலுக்குள் ஒட்டினால், போய்ச் சேரும் இடத்தில் ஆங்கில எழுத்துகளாகச் சிதறி நிற்கும். யுனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். அல்லது ஜிமெயிலின் செட்டிங்கில் உள்ளீட்டுக் கருவியை இயக்கித் தமிழைத் தேர்ந்தால், ‘அம்மா’ என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்க அது தமிழாகவே விழும். ஒரு பக்கம் எழுத இது தாராளமாகப் போதும்.

சரி, இனிப் பாஸ்வேர்ட். இதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

கடை தொடங்கிய புதிதில் ஒரு நீலக் கொப்பி வைத்திருந்தேன். கணக்குத் திறந்தவர்களின் பெயர், இமெயில், பாஸ்வேர்ட் மூன்றும் அதில் இருக்கும். ஆட்களே கேட்டுத்தான் எழுதுவித்தார்கள். “எனக்கு ஞாபகம் நிக்காது தங்கச்சி, நீங்களே வைச்சிருங்கோ.” உதவி என்றுதான் நானும் நினைத்தேன். 2015இல் ஒரு நாள் கடை பூட்டும் நேரம் ஒருவர் வந்தார். மனைவியின் பாஸ்வேர்டைத் தரும்படி கேட்டார். நான் இல்லை என்றேன். லாச்சிக்குள் கொப்பி கிடப்பது அவருக்கும் தெரியும். இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டுப் போனார். அன்று இரவு அந்தக் கொப்பியைப் பின்வளவில் வைத்து எரித்தேன். அடுத்த கிழமை முழுக்க ஒவ்வொருவராக வரச்சொல்லி பாஸ்வேர்டை மாற்ற வைத்தேன். அன்றிலிருந்து கடையில் யாராவது பாஸ்வேர்ட் அடிக்கும்போது நான் வீதியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கடைக் கணினியில், மூடியதும் தடம் வைக்காத இன்கொக்னிட்டோ பக்கத்தில் மட்டுமே மெயில் திறக்க விடுகிறேன். எங்காவது லொக் அவுட் செய்யாமல் வந்துவிட்டோமோ என்று பயமிருந்தால், கணினியில் இன்பொக்ஸின் அடியில் வலது பக்கம் கடைசியாக எப்போது திறக்கப்பட்டது என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதை அழுத்தினால் மற்ற எல்லா இடங்களிலிருந்தும் வெளியேறலாம். எனக்குத் தெரிந்து பலர் கவனிக்காத மிக நல்ல வசதி இது.

கொப்பியை எரித்ததால் பாஸ்வேர்டை மறந்தவர்களுக்கு வேறு வழி தேவைப்பட்டது. போன் இலக்கத்தைக் கொடுத்து வைத்தால் அதற்கு ஒரு கோட் வரும், அதைக் கொண்டு உள்ளே போகலாம். ஆனால் இங்கே சிம் மாற்றுவது சட்டை மாற்றுவது போல. ஒட்டுசுட்டான் தம்பி ஒருவர் 2016இல் கணக்குத் திறந்துவிட்டுக் கட்டாருக்குப் போனார். சிம்மை யாரும் ரீலோட் செய்யவில்லை. அந்த இலக்கம் செத்து, பிறகு வேறு யாருக்கோ போய்விட்டது. அவர் திரும்பி வந்தபோது பாஸ்வேர்டும் ஞாபகம் இல்லை, கோடும் தெரியாத ஒருவருக்குப் போகிறது. வேலைச் சான்றிதழ்கள் எல்லாம் அந்த மெயிலுக்குள். எவ்வளவோ முயன்றும் திறக்க முடியவில்லை. அவர் என் முன்னால் கதிரையில் இருந்த இருப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. போகும் முன் இலக்கத்தை மாற்றிவிட்டுப் போங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது கணக்குத் திறக்கிற ஒவ்வொருவருக்கும், பாஸ்வேர்டுக்குப் பிறகு ஒரு கோடும் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு, அது தரும் பத்து மாற்றுக் கோடுகளையும் அச்சடித்துக் கொடுக்கிறேன். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒவ்வொன்றையும் ஒருமுறைதான் பாவிக்கலாம். பாஸ்வேர்ட் ஞாபகம் இருந்தால், சிம் செத்தாலும் இதைக் கொண்டு உள்ளே போகலாம். அந்தத் தாளை அடையாள அட்டையோடு வைக்க வேண்டாம், வேறிடத்தில் வையுங்கள். வெளிநாட்டில் நம்பிக்கையான சகோதரம் இருந்தால் அவருடைய இமெயிலை மீட்பு முகவரியாகக் கொடுப்பது அதைவிட நல்லது. வன்னியில் அப்படி ஒரு சகோதரம் இல்லாத வீடு குறைவு.

முகவரி தேர்வது சிலருக்குப் பெரிய பாடு. சிவகுமாருக்கு எஸ் மட்டும் போடுவதா, எஸ்எச் போடுவதா? அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள் என்பேன். முகவரியில் புள்ளி வைப்பதும் வைக்காததும் ஜிமெயிலுக்கு ஒன்றுதான். போனில் முகவரியைச் சொல்லும்போது புள்ளியை விட்டுவிட்டாலும் கடிதம் வந்து சேரும்.

பிடிக்காத இடமும் உண்டு. 15 ஜி.பி. என்பது மெயிலுக்கு மட்டும் இல்லை. டிரைவும் போட்டோக்களும் அதே இடத்தைத்தான் பங்குபோடுகின்றன. 2021 ஜூனிலிருந்து கூகுள் போட்டோஸில் ஏற்றும் ஒவ்வொரு படமும் இதில் கழிகிறது. 2024 முதல் அன்ட்ரொயிட் போன்களின் வட்ஸ்அப் பக்கப்பும் இதற்குள் வந்துவிட்டது. கனடாவிலிருந்து வரும் கலியாணவீட்டு வீடியோக்களும் பிறந்தநாள் வீடியோக்களும் போனில் நிறைய, இங்கே இடம் முடிந்துவிடும். முடிந்தால் புதிய மெயில் வராது, அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். நேர்முகப் பரீட்சைக் கடிதத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய பாதிப்பு! பரீட்சைக்குப் போல ஜிமெயிலுக்குப் புள்ளி போடச் சொன்னால் ஐந்துக்கு நான்கு போடுவேன், கழித்த அந்த ஒரு புள்ளி இதற்குத்தான். தேடும் பெட்டியின் வலது ஓரத்தில் இருக்கும் குறியை அழுத்தினால் பெரிய இணைப்புள்ள கடிதங்களை மட்டும் பிரித்தெடுக்கலாம். அவற்றை அழித்துவிட்டுக் குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்க வேண்டும். இல்லாவிட்டால் 30 நாள் வரை அதே இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். போன் பக்கப்பை நிறுத்திவிட்டுப் படங்களை ஒரு மெமரி காட்டில் போடுவதே உண்மையான தீர்வு.

ஸ்பாம் பகுதியைக் கிழமைக்கு ஒருதடவையாவது பாருங்கள். லொத்தர் விழுந்தது, கனடாவில் வேலை, முதலில் காசு அனுப்பு என்று வருகிற பொய்க் கடிதங்களை ஜிமெயில் நன்றாகவே பிடித்து அங்கே தள்ளுகிறது. எப்போதாவது உண்மைக் கடிதமும் சேர்ந்து போகும், 30 நாளில் அழிந்தும் விடும். விளம்பரம் வரும், இலவசத்துக்கு அதுதான் விலை. விளம்பரத்தைப் பொருத்துவதற்காக மெயிலின் உள்ளடக்கத்தைப் பார்ப்பதை 2017இல் நிறுத்துவதாக கூகுள் அறிவித்தது. என்றாலும் எங்கள் கடதாசி வேறொருவரின் இயந்திரத்தில் கிடக்கிறது என்பதை மறக்காமல், முக்கியமானதை ஒரு பென் டிரைவிலும் போட்டு வைக்கச் சொல்கிறேன்.

2022இல் நாள்கணக்கில் மணித்தியாலக்கணக்காகக் கரண்ட் போனபோது இதன் இன்னொரு அருமை தெரிந்தது. பாதி எழுதிய விண்ணப்பக் கடிதம் தானாகவே டிராவ்ட்டில் பதிந்திருக்கும். கடைக் கணினி நின்றுபோனாலும், எழுதியவர் தன் போனைத் திறந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அப்புறம், அனுப்பியதை நிறுத்தும் வசதி. வழக்கமாக ஐந்து வினாடிதான் தரும், கணினியில் செட்டிங்கில் போய் முப்பதாக்கிக்கொள்ளுங்கள். இணைப்பைப் போட மறந்து அனுப்புகிறவர்கள்தான் அதிகம்.

கடைசியாக, இரண்டு வருடக் கணக்கு. இரண்டு வருடம் யாரும் தொடாத தனிப்பட்ட கணக்குகளை 2023 டிசெம்பரிலிருந்து கூகுள் அழிக்கத் தொடங்கியது. பாஸ்போட்டுக்கென்றும் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கென்றும் ஒருதடவை திறந்துவிட்டு மறந்தவர்கள் இங்கே எத்தனையோ பேர். திகதி சொன்னால் யாருக்கும் நினைவு நிற்காது. அதனால் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வரும்போது ஒருக்கால் திறந்து பாருங்கோ என்று சொல்லி வைத்திருக்கிறேன். வைகாசியில் உப்புநீரில் விளக்கெரியும் அந்த நாட்களில் எப்படியும் எல்லோரும் இந்தப் பக்கம் வருவார்கள்.

போன வைகாசியில் தண்ணீரூற்று அம்மாவும் வந்தார். நான் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு விரலால் பாஸ்வேர்ட் அடிக்கும் சத்தம் மெதுவாகக் கேட்டது. நூற்றுக்கணக்கில் விளம்பரக் கடிதங்கள் வந்து கிடந்தன, அவற்றைப் பார்க்கவே இல்லை. தேடும் பெட்டியில் ‘உறுதி’ என்று அடித்து, பிடிஎப்பைத் திறந்து, மஞ்சள் கறை இருந்த பக்கம் வரை உருட்டிப் பார்த்தார்.

“கிடக்குது,” என்றார்.

லொக் அவுட் செய்தீங்களோ என்று கேட்டேன். செய்துவிட்டுத்தான் எழும்பினார்.