தட்டணு குறைவது வான்கோமைசினாலா, லினெசோலிடாலா?

இரண்டுமே ஆன்டிபயாடிக்தான், இரண்டிலும் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகள்) குறையலாம். ஆனால் குறையும் விதம் வேறு.

வான்கோமைசினில் நோய் எதிர்ப்பு மண்டலமே தட்டணுக்களைத் தாக்கலாம். மருந்து ரத்தத்தில் இருக்கும்போது மட்டும் தட்டணுவில் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உருவாகிவிடுகிறது. மருந்து தொடங்கி ஒன்று இரண்டு வாரத்துக்குள் எண்ணிக்கை மளமளவென்று சரிந்து, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 20,000-க்குக் கீழேகூடப் போய்விடும். முன்பே எதிர்ப்பொருள் இருந்தால் சில மணி நேரமே போதும். கால்களில் குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள், வாய்க்குள் ரத்தக் கொப்புளங்கள் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தேறும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு மருந்து வெளியேறத் தாமதமாவதால் கூடுதல் நாள் ஆகும்.

லினெசோலிடில் பாதிப்பு பெரும்பாலும் மெதுவாக வரும். இரண்டு வாரத்தைத் தாண்டி எடுப்பவர்களிடம் அதிகம். வாரம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்தால் முன்கூட்டியே பிடித்துவிடலாம்.

எனக்கு அதிகக் கவலை தருவது முதல் வகைதான். எதிர்ப்பொருள் பல ஆண்டுகள் தங்கக்கூடும் என்பதால், அந்தப் பாதிப்பு ஒருமுறை வந்திருந்தால் வான்கோமைசின் பெயரை ஒவ்வாமைப் பட்டியலில் எழுதிவைத்து, எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் காட்டுங்கள்.