திருவட்டாற்றுக்கு ஒரு முழு நாள்

கன்னியாகுமரிக்கு வரும் சுற்றுலா வேன்களின் அட்டவணையில் திருவட்டாறு பெரும்பாலும் இருப்பதில்லை. இருந்தாலும், பத்மநாபபுரம் அரண்மனைக்கும் திற்பரப்பு அருவிக்கும் நடுவே அரைமணி நேரத் தரிசனமாக அது சுருங்கிவிடுகிறது. கோதையாறும் பறளியாறும் சுற்றி ஓட, நடுவே மேட்டில் ஆதிகேசவப் பெருமாள் கோயிலைக் கொண்ட இந்தச் சிற்றூரை மையமாக வைத்து ஒரு நாளைச் செலவிடுவதே சரி என்பது என் கருத்து. ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டிய மூன்று இடங்களும் இந்த இரண்டு ஆறுகளைச் சார்ந்தவை. கோயில் இவ்வாறுகளின் நடுவே நிற்கிறது, கோதையாறு திற்பரப்பில் அருவியாகிறது, பறளியாற்றுக்கு மேலே மாத்தூர் தொட்டிப்பாலம் நிற்கிறது.

கோயிலுக்கு விடியற்காலையிலேயே சென்றுவிட வேண்டும்; நண்பகலுக்கு முன் நடை அடைத்தால் மாலையில்தான் திறக்கும். ஆழ்வார்கள் பாடிய நூற்றெட்டுத் திவ்விய தேசங்களில் ஒன்றான இத்தலத்தை நம்மாழ்வார் திருவாய்மொழியில் பாடியிருக்கிறார். வழிபாடு கேரள முறைப்படி நடப்பதால் ஆண்கள் மேலாடையைக் களைந்து, வேட்டியுடன் உள்ளே செல்ல வேண்டும். பேன்ட்டுடன் வந்துவிட்டு வாசலில் விவாதிப்பதில் பயனில்லை. ஏறத்தாழ 22 அடி நீளமுள்ள பெருமாளின் திருமேனி 16,008 சாளக்கிராமங்களைக் கொண்டு கடுசர்க்கரை எனப்படும் மண், பிசின், மூலிகைக் கலவையால் ஆனது. மேற்கு நோக்கிப் பள்ளிகொண்டிருக்கும் அந்த உருவை ஒரே பார்வையில் காண முடியாது. மூன்று வாசல்களின் வழியே பகுதி பகுதியாகத்தான் காண வேண்டும். கருவறையில் எண்ணெய் விளக்கின் வெளிச்சம் மட்டுமே உண்டு என்பதால், வெயிலிலிருந்து வந்த கண்களுக்கு முதல் வாசலில் ஏதும் புலப்படாது. அவசரப்படாமல் நின்றால் கரிய திருமேனி கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிகிறது. புரட்டாசியிலும் பங்குனியிலும் குறிப்பிட்ட சில நாள்களில் மாலை வெயில் உள்ளே வந்து பெருமாள்மேல் விழும். அப்போது கூட்டமும் மிகுதியாக இருக்கும்.

தரிசனம் முடிந்தவுடன் வெளியேறிவிடுபவர்கள் கோயிலின் பாதியைத் தவறவிடுகிறார்கள். 18 அடி அகலமுள்ள ஒரே கல்லில் அமைந்த ஒற்றைக்கல் மண்டபத்தையும், அதன் தூண் சிற்பங்களையும் பார்த்த பிறகு, சுற்றுப் பிராகாரத்தை மெதுவாக வலம் வர வேண்டும். தூணுக்குத் தூண் கையில் விளக்கேந்தி நிற்கும் தீபலட்சுமிகளின் கொண்டையும் காதணியும் இடைக்கச்சையும் மாறிக்கொண்டே வருவதைக் கவனித்தால், நூறு அடி நடப்பதற்கே கால் மணி நேரம் ஆகிவிடும். 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலையில் இங்கே குடமுழுக்கு நடந்தது. ஆனால், இவ்வளவு பெரிய சிற்பத் தொகுதியை விளக்கிச் சொல்ல ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்துகொள்வது எளிதல்ல. படித்துவிட்டு வருபவர்களுக்கே இந்தப் பிராகாரம் முழுமையாகப் பேசும்.

அடுத்து திற்பரப்பு, அதுவும் வார நாளில், வேன்கள் வந்து சேர்வதற்கு முன். குலசேகரம் வழியாகச் செல்லும் சாலை முழுவதும் ரப்பர் தோட்டங்கள். வீட்டு முற்றங்களில் ரப்பர் ஷீட்டுகள் கொடியில் காய்வதைப் பார்த்துக்கொண்டே போகலாம். அருவியின் உயரம் சுமார் 50 அடிதான். குற்றாலத்தை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறக்கூடும். ஆனால் அருவிக்கு மேலே ஆற்றின் படுகை முழுவதும் ஒரே பாறையாகத் தடுப்பணை வரை நீண்டு கிடப்பது வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத காட்சி. நீர் பரந்து விழுவதால் குழந்தைகளும் முதியவர்களும் அச்சமின்றிக் குளிக்கலாம். எண்ணெயும் ஷாம்பூவும் வழிந்த பாறை வழுக்கும். கால் ஊன்றும் இடத்தைப் பார்த்துத்தான் நகர வேண்டும். மலையில் மழை வலுத்தாலோ, பேச்சிப்பாறை அணையிலிருந்து உபரிநீர் திறக்கப்பட்டாலோ குளிக்கத் தடை விதித்துவிடுவார்கள் என்பதால், புறப்படும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது. தடுப்பணைக்கு மேலே படகுச் சவாரி உண்டு. வரிசை இல்லையென்றால் போகலாம், அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அருவி வாசலில் உள்ள கடைகளைவிட, குலசேகரத்திலோ திருவட்டாற்றிலோ உள்ள சிறிய கடைகளில் கிடைக்கும் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் மேல். புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளலாம்.

மாத்தூரை மாலைக்கு ஒதுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: நிழலே இல்லாத கான்கிரீட் பாலம் நண்பகலில் கொதிக்கும். காமராஜர் காலத்தில் முன்னெடுக்கப்பட்டு 1966இல் கட்டி முடிக்கப்பட்ட இந்தத் தொட்டிப்பாலம், ஒரு குன்றிலிருந்து எதிர்க் குன்றுக்குப் பாசன நீரைக் கொண்டு செல்கிறது. 28 தூண்கள், மிக உயர்ந்த இடத்தில் சுமார் 115 அடி. இது பார்வையாளர்களுக்காகக் கட்டப்பட்டதல்ல, விளவங்கோடு, கல்குளம் பகுதிகளின் வயலுக்காகக் கட்டப்பட்டது என்பதுதான் இதன் அழகு. நடைவழி குறுகலானது, எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் மற்றவர் செல்ல முடியும். ஒருபக்கம் தொட்டிக்குள் ஓடும் நீர், மறுபக்கம் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் தென்னைகளின் உச்சி நம் காலுக்குக் கீழே. உயரம் ஒவ்வாதவர்கள் நடுப்பகுதி வரை செல்லாமல் திரும்பிவிடுவதே நல்லது. ஆனால் எல்லோரும் படியிறங்கிப் பறளியாற்றின் கரைக்குச் சென்று அண்ணாந்து பார்க்க வேண்டும். தூண்களின் உயரம் அங்கிருந்துதான் புரிகிறது. இறங்கும்போது இலகுவாகத் தெரியும் அந்தப் படிகள் ஏறும்போது மூட்டுவலிக்காரர்களைச் சோதித்துவிடும். பாசனத்துக்குத் தண்ணீர் விடாத கோடை மாதங்களில் தொட்டி வறண்டு கிடக்கும். ஓடும் நீரைக் காண விரும்புபவர்கள் ஜூன் மாதத்துக்குப் பிறகு வர வேண்டும். தென்மேற்குப் பருவமழை தணியும் செப்டம்பர் எல்லாவற்றுக்கும் பொருத்தமான மாதம்.

நேரமும் வெளிச்சமும் மிஞ்சினால், இரு ஆறுகளும் கலக்கும் மூவாற்றுமுகத்தையும் பார்த்துவிடலாம். கடைகளோ கட்டணமோ தேடிச் செல்லும் இடமல்ல அது.

மார்த்தாண்டத்திலிருந்தும் தக்கலையிலிருந்தும் திருவட்டாற்றுக்குப் பேருந்துகள் உண்டு. தங்கும் விடுதிகளுக்கு மார்த்தாண்டமோ நாகர்கோவிலோதான் வசதி. மூன்று இடங்களையும் ஒரே நாளில் பார்க்க ஆட்டோவையோ காரையோ பேசிக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும். மகா சிவராத்திரியை ஒட்டி வருபவர்கள் மட்டும் இந்தத் திட்டத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு சிவாலயங்களுக்கும் ‘கோவிந்தா, கோபாலா’ என்று முழங்கியபடி பக்தர்கள் ஓடும் சிவாலய ஓட்டத்தில் திற்பரப்பு மகாதேவர் கோயில் மூன்றாவது தலம் என்பதால், அன்று சாலைகள் ஓடுபவர்களுக்கே உரியவை. காரில் அவசரப்படுபவர்கள் வேறு நாளைப் பார்த்துக்கொள்ளலாம்.